கார்லோஸ் கெய்ரோஸ்: வாசல் வரை அழைத்துச் செல்பவர்

கேள்வி இதுதான்: 2025 செப்டம்பரில் தஜிகிஸ்தானின் ஹிசோர் நகரில், மத்திய ஆசியக் கால்பந்துச் சங்கத்தின் நேஷன்ஸ் கோப்பையில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில், ஓமானை இந்தியா, சமனான ஆட்டத்தைத் தீர்மானிக்கும் பெனால்ட்டி உதைகளில் வீழ்த்தியது. அன்று ஓமானின் பயிற்சியாளர் கார்லோஸ் கெய்ரோஸ். இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பில் மேலாளர் அலெக்ஸ் பெர்குசனுக்கு வலக்கையாக இருந்த மனிதர் நம்மிடம் தோற்கும் நிலைக்கு எப்படி வந்தார்? அவர் உண்மையில் பெரிய பயிற்சியாளரா, பெர்குசனின் நிழலில் பெயர் வாங்கியவரா?

அந்த ஆட்டத்தை நானும் பார்த்தேன். உதாந்தா சிங் 80ஆவது நிமிடத்தில் சமன் செய்தார், 1-1. பெனால்ட்டியில் 3-2. கடைசி உதையை குர்பிரீத் சிங் தடுத்தபோது எழுந்து நின்று கத்தினேன் என்பதை மறைக்கப் போவதில்லை. கத்தி முடித்து உட்கார்ந்த பிறகு எனக்குத் தோன்றியது வேறு: மறுபடியும் பெனால்ட்டியா இவருக்கு?

கெய்ரோஸின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அவர் புகழின் உச்சியில் ஏறியதும் ஒரு பெனால்ட்டிப் போட்டியால்தான். பிறகு விழுந்ததும் பெரும்பாலும் அதனால்தான். இதை வெறும் விதி என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. அவர் அணியை அமைக்கும் முறையிலேயே இதற்கான காரணம் இருக்கிறது என்பது என் கணிப்பு. அதைச் சொல்ல அவர் கதையை முதலிலிருந்து தொட வேண்டும்.

1953இல் மொசாம்பிக்கின் நம்புலாவில் பிறந்தவர். அன்று அது போர்த்துகலின் காலனி. கோல்கீப்பராக ஆடினார்; வீரராகப் பெயர் எடுக்கவில்லை. 1974 புரட்சிக்குப் பிறகு காலனிகள் விடுதலை பெற்ற காலத்தில் போர்த்துகலுக்கு வந்தார். லிஸ்பனில் உடற்கல்வி படித்தார். பெரிய வீரராக இருந்தவர்களே பயிற்சியாளராக ஆகும் வழக்கம் இருந்த நாட்டில், வகுப்பறையிலிருந்து மைதானத்துக்கு வந்த ஒருவர். பின்னாளில் மொரின்யோ, வில்லாஸ் போவாஸ் என்று எத்தனையோ போர்த்துகல் பயிற்சியாளர்கள் நடந்த பாதை இது. ஆனால் முள்ளை மிதித்து முன்னால் போனவர்களில் கெய்ரோஸ் ஒருவர்.

அந்தக் காலத்துப் போர்த்துகல் கால்பந்து இன்றைய நிலையில் இல்லை. 1986 மெக்சிகோ உலகக்கோப்பையின்போது, சால்தில்லோ நகர முகாமில் வீரர்களே பணத் தகராறில் பயிற்சியைப் புறக்கணித்து, முதல் சுற்றிலேயே மூட்டை கட்டித் திரும்பிய நாடு அது. அப்படிப்பட்ட நாட்டின் கால்பந்துக் கூட்டமைப்பில் இளையோர் அணிகளை கெய்ரோஸிடம் ஒப்படைத்தார்கள். 1989இல் ரியாத்தில் நடந்த 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் நைஜீரியாவை 2-0 என வென்று பட்டம். இரண்டே ஆண்டுகளில் அதே போட்டி போர்த்துகலிலேயே நடந்தது. லிஸ்பனின் லூஸ் மைதானத்தில் சுமார் 1,27,000 பேர் பார்க்க, பிரேசிலுக்கு எதிரான இறுதியாட்டம். 120 நிமிடம் ஆடியும் கோல் இல்லை. பெனால்ட்டியில் கடைசி உதையை ரூய் கோஸ்டா வலைக்குள் அடித்தார். ஃபிகோ, ரூய் கோஸ்டா, ஜோர்ஜே கோஸ்டா, இரண்டு போட்டியிலும் ஆடிய ஜோவாவ் பிந்தோ என்று 'தங்கத் தலைமுறை' முழுதும் இந்தப் பட்டறையில் வடிக்கப்பட்டதுதான்.

இங்கேயே ஒன்றைக் கவனியுங்கள். பலம் வாய்ந்த எதிரணி, கோல் இல்லாத ஆட்டம், பெனால்ட்டி. கெய்ரோஸின் எதிர்காலம் முழுவதும் அந்த ஒரு மாலையில் இருந்தது. அன்று காசு அவர் பக்கம் விழுந்தது.

அந்தப் புகழோடு 1991இல் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. 1994 உலகக்கோப்பைக்குத் தகுதி பெற வேண்டிய கடைசி ஆட்டத்தில் மிலானில் இத்தாலியிடம் 0-1. அன்றிரவே கூட்டமைப்புக்குள் இருக்கும் குப்பையைப் பெருக்கித் தள்ள வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். வேலை போயிற்று. நாவை அடக்கத் தெரியாதவர் என்ற பெயர் அன்று ஒட்டிக்கொண்டது, இன்றுவரை போகவில்லை.

அடுத்து லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கிளப். இந்த இடம் கொஞ்சம் சுவையானது, அதனால் நின்று சொல்கிறேன். 1993 டிசம்பரில் ஸ்போர்ட்டிங் கிளப்பின் தலைவர், அங்கே பயிற்சியாளராக இருந்த ஆங்கிலேயர் பாபி ராப்சனை நீக்கிவிட்டு கெய்ரோஸைக் கொண்டுவந்தார். ராப்சன் கிளம்பும்போது தன் மொழிபெயர்ப்பாளரையும் போட்டிக் கிளப்பான போர்த்தோவுக்கு அழைத்துச் சென்றார். அந்த மொழிபெயர்ப்பாளரின் பெயர் ஜோசே மொரின்யோ. சில மாதங்களில் போர்த்துகல் கோப்பை இறுதியில் ராப்சனின் போர்த்தோ கெய்ரோஸின் ஸ்போர்ட்டிங்கையே வென்றது. அதற்குச் சற்று முன்னால், 1994 மே 14 அன்று, இன்னும் பெரிய அடி. சொந்த மைதானத்தில், அதே நகரத்துப் பரம எதிரி பென்ஃபிகாவிடம் 3-6. இடைவேளையில் 2-3 எனப் பின்தங்கியிருந்தபோது இடது பின்கள வீரர் பாவ்லோ தோரஸை வெளியே எடுத்தார் கெய்ரோஸ். அந்தப் பக்கம் திறந்துபோனது. மூன்று கோல் அடித்து முதுகெலும்பை முறித்தவர் யார் தெரியுமா? ரியாத்திலும் லிஸ்பனிலும் அவர் வளர்த்த ஜோவாவ் பிந்தோ. லிஸ்பனில் வயதானவர்கள் அந்த மாற்றத்தைப் பற்றி இன்றும் வாதாடுவார்கள். நேற்று நடந்ததுபோலப் பேசுவார்கள்.

1995இல் ஸ்போர்ட்டிங்குக்குப் போர்த்துகல் கோப்பையை வென்று கொடுத்தார். 'கெய்ரோஸ் கிளப் அளவில் ஒன்றுமே வென்றதில்லை' என்று எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். லீக் பட்டம் மட்டும் கிடைக்கவில்லை.

பிறகு சில ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றினார். நியூயார்க் மெட்ரோஸ்டார்ஸ், ஜப்பானின் நகோயா கிராம்பஸ் எய்ட், அதுவும் ஆர்சென் வெங்கர் ஆர்சனலுக்குப் போனதால் காலியான நாற்காலியில், ஐக்கிய அரபு அமீரகம். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்புக்காக, இளம் வீரர்களை எப்படி வளர்ப்பது என்று 1998இல் ஒரு திட்ட அறிக்கை எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு தென்னாப்பிரிக்கா. 2002 உலகக்கோப்பைக்கு அந்த அணியைத் தகுதிபெறச் செய்தார். ஆனால் போட்டிக்கு மூன்று மாதம் முன்னால் அதிகாரத் தகராறில் விலகிவிட்டார். சமைத்தவர் அவர், பந்தியில் உட்கார்ந்தவர் அவருக்குப் பின் வந்த ஜோமோ சோனோ.

இப்போது நீங்கள் கேட்ட மான்செஸ்டர். 2002 கோடையில் பெர்குசன் அவரைத் துணைப் பயிற்சியாளராக எடுத்தார். முதல் ஆண்டிலேயே பிரீமியர் லீக் பட்டம். உடனே ரியல் மாட்ரிட்டிலிருந்து அழைப்பு. அந்த அழைப்பை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஆண்டு அந்த நாற்காலி ஒரு பொறி. லீக் பட்டம் வென்ற மறுநாளே பயிற்சியாளர் விசென்தே தெல் போஸ்கேவை அனுப்பிவிட்டார்கள். தலைவன் இயெரோவும் போனார். நடுக்களத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஓடிய மக்கலேலே செல்சிக்கு விற்கப்பட்டார். வந்தவர் பெக்காம் ஒருவர்தான். தடுப்பாட்டக்காரர் எவரும் வாங்கப்படவில்லை. சிடான், ஃபிகோ, ரொனால்டோ, ராவுல், பெக்காம், ராபர்ட்டோ கார்லோஸ் எல்லோரையும் ஆட வைத்தே ஆக வேண்டும். பின்னால் காவல் காக்க அகாடமிச் சிறுவர்கள். கூரைக்குத் தங்கத் தகடு போட்டுவிட்டுத் தூணை உருவி எடுத்த வீடு அது.

ஸ்பெயின் சூப்பர் கோப்பையை வென்று தொடங்கினார். மார்ச் வரை லீக்கில் முதலிடம். பிறகு எல்லாம் சரிந்தது. அரசர் கோப்பை இறுதியில் கூடுதல் நேரத்தில் சரகோசாவிடம் 2-3. சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில், முதல் ஆட்டத்தில் 4-2 என வென்றும், மொனாக்கோவில் 1-3 எனத் தோற்று, மொத்தம் 5-5 ஆனாலும், எதிரணி மைதானத்தில் அதிகக் கோல் அடித்த அணிக்கே வெற்றி என்ற அன்றைய விதியால் வெளியேற்றம். இரண்டு ஆட்டத்திலும் மாட்ரிட்டுக்கு எதிராகக் கோல் அடித்த மொரியென்தேஸ், மாட்ரிட்டே மொனாக்கோவுக்கு இரவல் கொடுத்த ஆள். லீக்கின் கடைசி ஐந்து ஆட்டங்களும் தோல்வி, நான்காம் இடம், வேலை நீக்கம்.

மாட்ரிட் தோல்வியை வைத்து அவரை எடைபோடுவது நியாயமில்லை என்பேன். ஆனால் முழுப் பழியும் நிர்வாகத்தினுடையது என்றும் சொல்ல மாட்டேன். சோர்ந்துபோன நட்சத்திரங்களை உட்கார வைக்கும் துணிவு அவரிடம் இல்லை. அதே பதினோரு பேரை வாரம் இருமுறை ஓட விட்டால் ஏப்ரலில் கால் எழும்பாது என்பது உடற்கல்வி படித்தவருக்குத் தெரியாதா?

2004இல் பெர்குசன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். அடுத்த நான்கு ஆண்டுகள்தான் அவருடைய ஆகச் சிறந்த காலம். அன்றாடப் பயிற்சி முழுக்க அவர் பொறுப்பு. ஆங்கிலேயர்களுக்குப் பழகிய 4-4-2 அமைப்பை (பின்களத்தில் நால்வர், நடுவில் நால்வர், முன்னால் இருவர்) விட்டு, நடுக்களத்தில் ஓர் ஆளைக் கூட்டி, ஐரோப்பாவில் பொறுமையாக ஆடும் முறைக்கு அணியைத் திருப்பினார். முதலில் முடிவுகள் சரியாக வராதபோது ஓல்ட் டிராஃபர்ட் ரசிகர்களே 'ஃபோர் ஃபோர் டூ' என்று கோஷமிட்டார்கள். அணித்தலைவர் ராய் கீனோடு கடும் மோதல். விசுவாசம் பற்றிப் பேச்செடுத்தபோது, ஓராண்டில் மாட்ரிட்டுக்கு ஓடிப்போன நீயா பேசுவது என்ற பொருளில் கீன் திருப்பிக் கொடுத்தார். 2005 நவம்பரில் கீன் கிளப்பை விட்டே போனார். அதன் பிறகு 2007, 2008 என இரண்டு லீக் பட்டங்கள். கிறிஸ்டியானோ ரொனால்டோ பக்கவாட்டு வித்தைக்காரராக இருந்து கோல் இயந்திரமாக மாறியதும் இந்தக் காலத்தில்தான்.

2008 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, பார்சலோனாவுக்கு எதிராக. அந்த வாரப் பயிற்சியைப் பற்றி யுனைடெட் வீரர் கேரி நெவில் பின்னாளில் சொன்ன ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். வயிற்றுப் பயிற்சி செய்யப் பயன்படும் பாய்களை மைதானத்தில் விரித்து, ஒவ்வொரு வீரரும் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை அடிக்கணக்காகக் குறித்தாராம் கெய்ரோஸ். மெஸ்ஸி எங்கே திரும்புவார், பந்து எந்த இடைவெளியில் வரும், அந்த இடைவெளியில் யார் நிற்பது. திரும்பத் திரும்ப அதே ஒத்திகை. காம்ப் நோவில் 0-0. திரும்ப மான்செஸ்டரில் ஸ்கோல்ஸ் தூரத்திலிருந்து அடித்த ஒரே கோல். மாஸ்கோ இறுதியில் செல்சியை வென்றது எப்படி என்று கேட்கவே வேண்டாம்: பெனால்ட்டிதான்.

மேலாளர் என்ற பதவிப்பெயர் இல்லாமலேயே யுனைடெட் மேலாளருக்கு மிக நெருங்கிய இடத்தில் இருந்தவர் அவர் என்று பெர்குசனே எழுதியிருக்கிறார். எனவே 'நிழலில் வளர்ந்தவர்' என்பது தவறு. அந்த அணியின் எலும்புக்கூட்டைச் செய்தவர் கெய்ரோஸ். உயிர் ஊதியவர் பெர்குசன்: எப்போது துணிந்து தாக்குவது, யாரை உட்கார வைப்பது, 85ஆவது நிமிடத்தில் எந்தச் சூதாட்டம் ஆடுவது என்ற முடிவுகள் அவருடையவை. இருவரும் சேர்ந்தபோது முழுமை. தனியாக நிற்கும்போது கெய்ரோஸிடம் அந்த இரண்டாம் பாதி இல்லை.

2010 உலகக்கோப்பையில் போர்த்துகல் அணியே அதற்குச் சான்று. 2008இல் மீண்டும் தாயக அணியின் பொறுப்பை ஏற்றார். போஸ்னியாவுடன் பிளே ஆஃப் ஆடித்தான் தகுதி பெற முடிந்தது. போட்டியில் ஐவரிகோஸ்டோடு 0-0, வட கொரியாவுக்கு எதிராக 7-0, பிரேசிலோடு 0-0, ஸ்பெயினிடம் 0-1. நான்கு ஆட்டங்களில் வாங்கியது ஒரே ஒரு கோல். அடித்த ஏழும் ஒரே ஆட்டத்தில்! தோல்விக்கு விளக்கம் கேட்ட நிருபர்களிடம், கெய்ரோஸைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு ரொனால்டோ நடந்தார். போட்டிக்கு முந்தைய முகாமில் ஊக்கமருந்துச் சோதனைக்கு வந்தவர்களைத் திட்டினார் என்று தடை விதித்தார்கள். செப்டம்பரில் வேலை போனது. 2011இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

என்னைக் கேட்டால் அவருடைய தனிப் பெருமை ஈரானில் இருக்கிறது. 2011 ஏப்ரல் முதல் 2019 ஜனவரி வரை; ஈரான் அணியை இவ்வளவு காலம் தொடர்ந்து நடத்தியவர் வேறு எவரும் இல்லை. பொருளாதாரத் தடைகளால் நட்புறவு ஆட்டம் கிடைக்காது, பயிற்சி முகாமுக்குப் பணம் வராது, கூட்டமைப்போடு ஓயாத சண்டை, மாதத்துக்கொரு முறை ராஜினாமா மிரட்டல். 2018 உலகக்கோப்பைக்குச் சில நாள் முன்னால் நைக் நிறுவனம் அமெரிக்கத் தடையைக் காட்டி வீரர்களுக்குக் காலணி தர மறுத்தது. இதையெல்லாம் அவர் அணியைச் சுற்றிச் சுவராக எழுப்பினார்: உலகமே நமக்கு எதிரி, நமக்கு நாமே துணை. ஐரோப்பாவில் வளர்ந்த ஈரானிய வம்சாவளி வீரர்களைத் தேடிப் பிடித்தார். தேஜாகா, கூச்சான்னெஜாத் அப்படி வந்தவர்கள்.

2013 ஜூனில் தென்கொரியாவின் உல்சானில் கூச்சான்னெஜாத் அடித்த ஒரே கோலால் உலகக்கோப்பை உறுதியானது. அதற்கு முந்தைய நாட்களில் கொரியப் பயிற்சியாளரோடு வாய்ச்சண்டை முற்றி, அவர் படத்தைத் தன் சட்டையில் குத்திக்கொண்டு நின்றார் அறுபது வயது மனிதர். ஆட்டம் முடிந்ததும் கொரியர்களை நோக்கி முஷ்டி காட்டினார். அழகான காட்சியில்லை. ஆனால் தன் வீரர்களுக்காகச் சண்டைக்குப் போகும் வாத்தியாரை எந்த மாணவன்தான் மறப்பான்?

2018 தகுதிச் சுற்றில் அந்தப் பயணம் இந்தியா வழியாகவும் வந்தது; 2015 செப்டம்பரில் பெங்களூருவில் நம்மை 3-0 என வென்றார்கள். இறுதிச் சுற்றில் பத்து ஆட்டங்களில் தோல்வியே இல்லை. முதல் ஒன்பதில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. ரஷ்யாவில் மொராக்கோவை 1-0 என வென்று, ஸ்பெயினிடம் 0-1 எனத் தோற்று, போர்த்துகலோடு 1-1. ரொனால்டோவின் பெனால்ட்டியை ஈரான் கோல்கீப்பர் பெய்ரன்வாந்த் தடுத்தார். கடைசி நொடிகளில் ஈரானின் தாரெமி அடித்தது வலையின் வெளிப்பக்கம் பட்டது. உள்ளே போயிருந்தால் ஈரான் அடுத்த சுற்றில், போர்த்துகல் வீட்டுக்கு. கெய்ரோஸின் வாழ்க்கையை ஓர் உதையில் சொல்லச் சொன்னால் அதைத்தான் காட்டுவேன்.

இனி அந்தப் பெனால்ட்டிப் பட்டியல். 2015 ஆசியக் கோப்பை காலிறுதியில், பத்துப் பேராக ஆடி 3-3 எனச் சமன் செய்து, ஈராக்கிடம் தோல்வி. ஈரானை விட்டபின் கொலம்பியா அணிக்குப் போனார்; 2019இல் தென்னமெரிக்க நாடுகளின் கோபா அமெரிக்கா போட்டியில் அந்த அணி லீக் சுற்றின் மூன்று ஆட்டங்களையும் ஒரு கோலும் வாங்காமல் வென்றது. காலிறுதியில் சிலியோடு 0-0, பெனால்ட்டியில் வெளியே. (அங்கே அவர் கதை அசிங்கமாக முடிந்தது, 2020 நவம்பரில் உருகுவேயிடம் 0-3, ஈகுவடோரிடம் 1-6.) எகிப்துக்குப் போனார். அரபுக் கோப்பையில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், கத்தாரோடு 0-0, பெனால்ட்டியில் தோல்வி. ஆப்பிரிக்கக் கோப்பையில் ஐவரிகோஸ்டையும் போட்டியை நடத்திய கேமரூனையும் பெனால்ட்டியில் வென்றார். கேமரூன் ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கியதால் இறுதியாட்டத்தில் அணியோடு நிற்க முடியவில்லை. செனகலோடு 0-0, பெனால்ட்டியில் தோல்வி, ஐந்தாவதாக உதைக்க வேண்டிய எகிப்தின் நட்சத்திரம் சாலாவுக்கு முறையே வரவில்லை. ஏழு வாரம் கழித்து உலகக்கோப்பைத் தகுதிக்கு மறுபடி அதே செனகல். இரண்டு ஆட்டம், ஆளுக்கொரு 1-0 வெற்றி. பெனால்ட்டி. முகமெல்லாம் பச்சை லேசர் ஒளி விழ சாலா பந்தை மேலே அடித்தார். இரண்டு முறையும் செனகலின் கடைசி உதை மானேயுடையது.

கெய்ரோஸின் முறை இடைவெளியை அடைப்பது. பத்துக்கு ஆறு மதிப்புள்ள அணியை, பத்துக்கு ஒன்பது மதிப்புள்ள அணியோடு 90 நிமிடம் சமமாக நிறுத்திவிட அவரால் முடியும். உலகில் இதை அவரைவிட நன்றாகச் செய்பவர்கள் குறைவு. ஆனால் அப்படி நிறுத்தினால் ஆட்டம் 0-0க்குப் போகும், 0-0 பெனால்ட்டிக்குப் போகும், அங்கே பாதிக்குப் பாதி தோற்கத்தான் வேண்டும். நல்ல முன்கள வீரர்கள் கையில் இருக்கும்போதும் அவர் அதே முறையை விடுவதில்லை என்பதுதான் என் குறை. ஈரானுக்கு அந்த முறை வரம். கொலம்பியாவுக்கும் 2010 போர்த்துகலுக்கும் அது இறுக்கிக் கட்டிய கயிறு.

கடைசிச் சில ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022 கத்தார் உலகக்கோப்பைக்குச் சில வாரங்கள் முன்னால் மறுபடி ஈரானுக்கு வந்தார். நாடே போராட்டத்தில் கொந்தளித்த நேரம். முதல் ஆட்டத்தில் வீரர்கள் தேசிய கீதம் பாடாமல் நின்றார்கள். இங்கிலாந்திடம் 2-6, வேல்ஸுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் 2-0, அமெரிக்காவிடம் 0-1. பிறகு கத்தார் அணி. 2023 டிசம்பரில், ஆசியக் கோப்பைக்குச் சில வாரம் இருக்கும்போது அனுப்பிவிட்டார்கள். அவருக்குப் பின் வந்தவரின் கீழ் கத்தார் கோப்பையை வென்றது. இறுதியாட்டத்தில் கத்தார் அடித்த மூன்று கோலும் பெனால்ட்டி! இதைக் கேட்டு அவர் சிரித்தாரா, எதையாவது உடைத்தாரா, யாரறிவார்.

ஆகவே ஓமானோடு இந்தியாவிடம் தோற்றதை அவருடைய வீழ்ச்சி என்று நான் படிக்கவில்லை. பொறுப்பேற்று இரண்டு மாதம்கூட ஆகாத அணி அது. அதற்குள் நான்கு உலகக்கோப்பைகளில் அணிகளை நடத்தியிருந்தவர், எழுபதைத் தாண்டிய வயதில் ஹிசோரில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்துக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு வியப்பு.

அவருடைய ஒரே ஓர் ஆட்டம் பார்க்க நேரமிருந்தால் 2014 ஜூனில் பெலோ ஒரிசோந்தியில் நடந்த அர்ஜென்டினா - ஈரான் ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். பந்தைப் பார்க்காமல் ஈரானின் பின்வரிசை நால்வரை மட்டும் பாருங்கள். மெஸ்ஸி நகரும்போதெல்லாம் நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல நகர்வார்கள். இரண்டாம் பாதியில் ஈரானுக்கே இரண்டு மூன்று நல்ல வாய்ப்புகள் வரும், ஒரு பெனால்ட்டி முறையீட்டை நடுவர் மறுப்பார். 90 நிமிடமும் 0-0. 91ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி ஒரு முறை இடப்பக்கம் உருட்டுவார்.